நா எழாத பாரிஸ்டர்

(பொறியாளர், முன்னாள் மாணவர் – ஸ்ரீமதுரை, கூடலூர் வட்டம், நீலகிரி)

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, விஸ்வேஸ்வரய்யாவைத்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பொறியாளன் என்றால் விஸ்வேஸ்வரய்யா, அவரை விட்டால் அப்துல் கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வக்கீலை. அதுவும் கோர்ட்டில் எழுந்து நின்று, ஒரு கேள்விகூடக் கேட்க வராமல் உட்கார்ந்துவிட்ட வக்கீலை.

காரணம் இருக்கிறது. எங்கள் ஸ்ரீமதுரை மாதிரி ஊர்களிலிருந்து, தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணக்குக்கும் பயப்பட மாட்டார்கள், டிராயிங் ஷீட்டுக்கும் பயப்பட மாட்டார்கள். செமினார், வைவா என்றால் மட்டும் முதல் நாள் ராத்திரியே வயிற்றைக் கலக்கும். இப்போது ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கத்தில் நானும் சில சமயம் உட்காருகிறேன். விடை நன்றாகத் தெரிந்த பையன், தெரிந்த பெண், வாய் திறக்காத ஒரே காரணத்தால் வேலை இல்லாமல் வெளியே போவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த வக்கீல் கதை. ஆளைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். காந்தியடிகள்தான் அவர்.

1869 அக்டோபர் 2-ம் தேதி போர்பந்தரில் பிறந்தார் மோகன்தாஸ். தாத்தாவும் அப்பாவும் திவான் பதவி பார்த்தவர்கள். நாலு பேர் வந்து போகிற வீடு. ஆனாலும் பையன் சரியான கூச்ச சுபாவி. ராஜ்கோட்டில் பள்ளிக்கூட மணி அடித்ததும் வீட்டுக்கு ஒரே ஓட்டம். நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், கேலி செய்வார்கள் என்ற பயம். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் புறப்படும்போது ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் வழியனுப்பு விழா வைத்தார்கள். நன்றி சொல்ல நாலு வரி எழுதியே வைத்திருந்தார். எழுந்து நின்றதும் தலை சுற்றியது, உடம்பெல்லாம் உதறியது. அந்த நாலு வரியையும் திக்கித் திணறித்தான் படித்தார்.

கப்பலிலும் அதே கதைதான். செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியவர், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் இங்கிலீஷில் பேச வேண்டியிருக்குமே, முள்ளையும் கத்தியையும் பிடிக்க வேண்டியிருக்குமே என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தின்றுகொண்டு அறையிலேயே அடைந்து கிடந்தார். கூடப் பயணம் செய்தவர் ஜூனாகட் வக்கீல் திரியம்பகராய் மஜும்தார். வக்கீல் ஆகப் போகிறவனுக்கு நீளமான நாக்கு வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை, இங்கிலீஷில் பேசிப் பழகு என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இந்த மஜும்தாரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

லண்டனில் கொஞ்ச காலம் துரை ஆகிவிடப் பார்த்தார் மோகன்தாஸ். பட்டுத் தொப்பி வாங்கினார், நடன வகுப்பில் சேர்ந்தார், மூன்று பவுன் கொடுத்து வயலின் வாங்கினார். கூடவே பேச்சுக்கலை வகுப்பும். பெல் என்பவர் எழுதிய பாடப்புத்தகம். முதல் பாடமே பழைய பிரதமர் பிட்டின் சொற்பொழிவு. இரண்டு மூன்று வகுப்பு போனார். அந்தப் புத்தகத்தின் பெல்லே தன் காதில் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் சிலேடையாக எழுதியிருக்கிறார். மாணவனாக வந்தோம், படிப்பைப் பார்ப்போம் என்று எல்லா வகுப்பையும் நிறுத்திவிட்டார். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு முப்பதே நாளில் மேடைப் பேச்சு என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அந்த வைத்தியம் அவருக்கு அன்றைக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு உண்மையான பள்ளிக்கூடமாக அமைந்தது லண்டன் சைவ உணவுச் சங்கம். அதன் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். கூட்டத்துக்குத் தவறாமல் போவார், ஆனால் வாயே திறக்க மாட்டார். சங்கத்தில் நெருங்கிய நண்பரான டாக்டர் ஓல்ட்ஃபீல்டுக்கு ஆச்சரியம்: தனியாக இருந்தால் இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர், குழுவில் மட்டும் ஏன் வேலை செய்யாத ஆண் தேனீ மாதிரி இருக்கிறார் என்று கிண்டல்கூடச் செய்தார். ஆனால் பேனா மட்டும் ஓடியது. சங்கத்தின் வாரப் பத்திரிகையில் 1891-ல் இந்தியர்களின் சைவ உணவு பற்றியும் பண்டிகைகள் பற்றியும் தொடராகவே எழுதினார். விஷயம் இருந்தது, மொழியும் இருந்தது. நாலு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் வரவில்லை.

அந்தச் சங்கத்தில்தான் ஒரு சோதனை வந்தது. தலைவர் ஹில்ஸ், தேம்ஸ் இரும்பாலையின் அதிபர். (நம் மெக்கானிக்கல் ஆட்களுக்குச் சொல்கிறேன்: இரும்பு உடலும் இரும்புக் கவசமும் கொண்ட பிரிட்டனின் முதல் போர்க்கப்பலான வாரியர் அந்த ஆலையில் கட்டியதுதான்.) நல்ல மனிதர், ஆனால் ஒழுக்க விஷயத்தில் கடுமையானவர். சங்கத்திலிருந்த டாக்டர் ஆலின்சன் கருத்தடையை ஆதரித்துப் பிரசாரம் செய்தார் என்பதற்காக அவரை நீக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. மோகன்தாஸுக்கு ஆலின்சனின் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் சங்கம் சைவ உணவுக்காக ஏற்பட்டது, அதை ஏற்கும் யாரையும் வேறு காரணம் சொல்லி வெளியேற்றக் கூடாது என்பது அவர் எண்ணம். சங்கத்துக்குப் பணம் கொடுத்துக் காப்பவரே ஹில்ஸ்தான்; அவரை எதிர்த்துத்தான் பேச வேண்டும். எழுதிக்கொண்டு போனார். போயும் வாசிக்கத் துணிவு வரவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு அதை வாசிக்கச் செய்தார். ஓட்டெடுப்பில் ஆலின்சன் தோற்றார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. மேடைக் கூச்சம் என்றால் ஏதோ நம் மானம் போகிற விஷயம் என்று மட்டுமே நினைக்கிறோம். அன்றைக்கு இவர் எழுந்து பேசியிருந்தாலும் ஆலின்சன் தோற்றிருக்கலாம். ஆனாலும் ஒருவருக்கு நியாயம் கேட்க வேண்டிய நேரத்தில், நியாயம் காகிதத்தில் இருந்தது, குரல் இரவலாக இருந்தது.

இரவல் குரல் அதோடு நிற்கவில்லை. வெண்ட்நார் என்ற கடலோர ஊருக்கு மஜும்தாரோடு போனபோது, சைவ உணவுக் கூட்டத்தில் இருவரையும் பேசச் சொன்னார்கள். இவர் எழுதி வைத்திருந்தது ஒரு ஃபுல்ஸ்கேப் தாள்கூட நிரம்பாது. எழுந்தார். கண் மங்கியது, கை நடுங்கியது. தாளை மஜும்தார் வாங்கிப் படித்து முடித்தார். மஜும்தாரின் சொந்தப் பேச்சு வேறு பிரமாதம். கேட்க வேண்டுமா!

1891 ஜூனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று ஊர் திரும்பும் முன், ஹோல்பர்ன் உணவகத்தில் சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்து கொடுத்தார். இந்தத் தடவை எழுதவில்லை, யோசித்து வைத்திருந்தார். எழுத்தாளர் அடிசன் பார்லிமெண்டில் முதல் தடவை எழுந்து, கன்சீவ் என்ற சொல்லை மூன்று தடவை சொல்லிவிட்டு மேலே ஓடாமல் உட்கார்ந்த வேடிக்கைக் கதையில் ஆரம்பிப்பதாகத் திட்டம். அந்தச் சொல்லுக்குக் கருதுதல் என்றும் பொருள், கருக்கொள்ளுதல் என்றும் பொருள். மூன்று முறை கருவுற்றும் பிள்ளை பிறக்கவில்லையே என்று சபையில் ஒருவர் கேலி செய்தாராம். கதையைத் தொடங்கிய இவருக்கும் முதல் வாக்கியத்தோடு ஞாபகம் ஓடிவிட்டது. பேசாமல் போன ஒருவரின் கதையைச் சொல்ல வந்து, தானே அந்தக் கதையாகிவிட்டார். வந்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். அந்த விருந்தைப் பற்றி அதே சைவப் பத்திரிகையில் அப்போதே செய்தி வந்தது. கொஞ்சம் பதற்றம் இருந்தாலும் நயமாகவே பேசினார் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்ன விஷயங்களைக்கூடச் சுருக்கித் தந்திருக்கிறார்கள். அவர் மனசில் அது படுதோல்வி. கேட்டவர்களுக்கு ஒரு சின்னப் பதற்றம். அவ்வளவுதான். நம் நெஞ்சு அடித்துக்கொள்வது நமக்கு இடி மாதிரிக் கேட்கிறது, மூன்றாவது பெஞ்சுக்கு அது எட்டுவதே இல்லை. செமினாருக்கு நிற்கும் தம்பி, தங்கைகள் இந்த இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பம்பாயில் முதல் வழக்கு. ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் மமீபாய் என்ற அம்மாளுக்காக ஆஜரானார். ஃபீஸ் முப்பது ரூபாய். எதிர்க்கட்சிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தார், நெஞ்சு அடைத்தது, கோர்ட்டே சுற்றுவது போல இருந்தது, ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பட்டேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார். பட்டேலின் ஃபீஸ் ஐம்பத்தொரு ரூபாய். தைரியம் வருகிற வரை வழக்கே எடுப்பதில்லை என்று முடிவு செய்து, ராஜ்கோட் போய் மனு எழுதிப் பிழைத்தார். மாதம் முந்நூறு ரூபாய் வந்தது. அப்படியே இருந்திருந்தால் காலம் ஓடியிருக்கும். நாமும் அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு பிரிட்டோரியாவில் நடந்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. அங்கே போய்க் கொஞ்ச நாளிலேயே ஊரிலிருந்த இந்தியர்களைக் கூட்டினார். ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் சேட் வீட்டில் கூட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் மேமன் வியாபாரிகள். வியாபாரத்தில் உண்மை முடியுமா என்பதுதான் பேச்சு. தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அவர் கணக்கு வைப்பது இதைத்தான்.

என்ன மாறியது? வயது இரண்டுதான் கூடியிருந்தது. பேச்சுக்கலை வகுப்பு எதற்கும் போகவில்லை. என் கணிப்பில், லண்டனிலும் பம்பாயிலும் அவர் நின்றது தேர்வு எழுதுகிறவர் மாதிரி. எப்படிப் பேசுகிறான் என்று பார்ப்பார்களே என்ற நினைப்பு. பிரிட்டோரியாவில் சொல்ல வேண்டிய சங்கதியைத் தயார் செய்துகொண்டு போனார். கூட்டம் முடிந்ததும் வேலையும் வைத்திருந்தார்: சங்கம் ஒன்று அமைக்கலாம், இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குத் தானே சொல்லித் தருகிறேன் என்றார். மூன்று பேர் படிக்க முன்வந்தார்கள். ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். அவர்கள் கடைக்கே போய்ப் பாடம் நடத்தினார் பாரிஸ்டர்.

அடுத்த வருஷம் 1894-ல் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் உண்டானது. கூட்டம் போட்டால் யாரும் எழுந்து பேச மாட்டேன் என்கிறார்கள். சபையில் பேசிப் பழக்கமே இல்லாத ஜனம். கூட்ட நடைமுறை என்ன, சுருக்கமாக, விஷயத்தை விட்டு விலகாமல் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பழக்கினார். யார்? ஹோல்பர்னில் ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்த அதே ஆள். கொஞ்ச நாளில் பலருக்கும் நாக்கு எழுந்தது.

அந்தக் காலத்தில்தான் நம் தமிழர் ஒருவர் அவர் அலுவலகத்துக்குள் வந்தார். பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. கிழிந்த துணி, உடைந்த இரண்டு முன்பல், வாயில் ரத்தம், தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றார். அடித்தது அவருடைய வெள்ளைக்கார முதலாளி. 1860-ல் முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் நேட்டாலுக்குப் போனது; அதிலிருந்து போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அவர் சொன்னதைக் காந்தியின் தமிழ்க் குமாஸ்தா கேட்டுச் சொல்ல, காந்தி அவரை மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். கடைசியில் வேறு முதலாளியிடம் ஒப்பந்தத்தை மாற்றி வாங்கிக் கொடுத்தார். கூலிக்காரர்களுக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறான் என்ற சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியது. தேயிலை நாட்டில் பிறந்த எனக்கு இதை எழுதும்போது சும்மா கடந்து போக முடியவில்லை. எங்கள் கூடலூர்ப் பக்கம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் ஏராளம்; கங்காணி, பேர் பதிவு, கப்பல் என்று அவர்கள் வீட்டுக் கதையும் இதே தினுசுதான்.

1896-ல் இந்தியா வந்து இந்தக் கொடுமைகளை ஊர் ஊராகச் சொன்னார். பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தா ஏற்பாடு செய்த கூட்டம், கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம் நிரம்பி வழிந்தது. அச்சடித்த பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போச்சு! பழைய நடுக்கம் திரும்ப வந்துவிட்டது. சத்தமாக, இன்னும் சத்தமாக என்று மேத்தா உற்சாகப்படுத்த, குரல் இன்னும் கீழே போனது. நண்பர் கேசவராவ் தேஷ்பாண்டே வாங்கிப் படித்தார். ஜனங்கள் வாச்சாதான் படிக்க வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். தின்ஷா வாச்சா படித்ததும் மண்டபம் நிசப்தம். மறுபடியும் இரவல் குரல். ஆனால் இம்முறை விஷயம் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26-ம் தேதி, சென்னை பச்சையப்பன் மண்டபம். நீளமான பேச்சுத்தான். பாலசுந்தரத்தின் கதையும் சொல்லப்பட்டது. சபை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கூட்டம் முடிந்ததும் தென்னாப்பிரிக்கா நிலைமை பற்றி அவர் எழுதிய பச்சை அட்டைப் புத்தகத்துக்கு அடிதடி. திருத்திய பதிப்பு பத்தாயிரம் பிரதி போட்டார். பம்பாயில் வராத குரல் சென்னையில் எப்படி வந்தது என்று கேட்டால், பாலசுந்தரத்தின் ஊர்க்காரர்கள் முன்னால் நின்றதுதான் என்று சொல்ல எனக்கு ஆசை. மண்டபம் சின்னதாகக்கூட இருந்திருக்கலாம்!

இத்தோடு பயம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் தென்னாப்பிரிக்கத் தீர்மானம் அவருடையது. ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். எழுதாமலே பேசிவிடலாம் என்று எழுந்தார், நேட்டாலில் கைவந்த சரளம் அங்கே கைவிட்டது. நடுவில் மணி அடித்தது. இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்பதற்கான மணி அது என்று தெரியாமல், மனம் நொந்து உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் அரை மணி, முக்கால் மணி பேசியதைக் கேட்டவருக்கு அந்த மணி உறைக்காமல் இருக்குமா? அந்த மாநாட்டுத் தலைவர் யார் தெரியுமா? பம்பாயில் இவர் பேச்சைப் படித்துக் கொடுத்த அதே தின்ஷா வாச்சாதான்.

அப்புறம் 1916 பிப்ரவரி, காசி இந்துப் பல்கலைக்கழகத் திறப்பு விழா. மேடையில் நகைகள் மின்ன ராஜாக்கள், பக்கத்தில் அன்னி பெசன்ட், எதிரே மாணவர்கள். தயாரிப்பு இல்லாமல், மனசில் பட்டதைப் பேசினார்: ராஜாக்களின் நகையையும் பேசினார், கோயில் தெருவின் அழுக்கையும் பேசினார். பெசன்ட் அம்மையார் நிறுத்தச் சொன்னார், மாணவர்கள் தொடரச் சொன்னார்கள், ராஜாக்கள் எழுந்து போனார்கள், கூட்டம் பாதியில் கலைந்தது. பத்திரிகையில் அந்தப் பேச்சைப் படித்துத்தான் வினோபா அவரைத் தேடி வந்தார். 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் ராஜத்துரோக வழக்கு. முப்பது வருஷத்துக்கு முன் பம்பாய்க் கோர்ட்டில் ஒரு கேள்வி வராதவர், இங்கே குற்றவாளியாக நின்று, முதலில் வாய்மொழியாகவும் பிறகு எழுதியதைத் தானே படித்தும் தன் தரப்பைச் சொன்னார். ஆறு வருஷத் தண்டனை.

இவ்வளவுக்கும் அவர் மேடைப் புலி ஆகவே இல்லை. அடுக்குமொழி கேட்டுப் பழகிய நம் தமிழ்க் காதுக்கு அவர் பேச்சு சப்பென்றுதான் இருக்கும். ஏற்ற இறக்கம் கிடையாது, கையை வீச மாட்டார், பெரும்பாலும் உட்கார்ந்தே பேசுவார். ஒலிபெருக்கி வந்தது அவருக்குப் பெரிய உபகாரம். பழைய படங்களில் மைக்கின் மேல் சிகாகோ ரேடியோ என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கலாம், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கவனிக்கவும். 1931-ல் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு ரேடியோவில் பேசும்போது, இதற்குள்ளேயா பேச வேண்டும் என்று மைக்கைப் பார்த்து அவர் கேட்டதே அமெரிக்கா முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது. பிறகு குறிப்பே இல்லாமல் பேசினார். தன் கூச்சத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை, வார்த்தையை அளந்து பேசக் கற்றுத் தந்தது அதுதான் என்பது அவர் கட்சி. திங்கட்கிழமை மௌன விரதம் வேறு.

நம் மலைக்கும் வந்தார். ஹரிஜன யாத்திரையில் 1934 ஜனவரி 14-ம் தேதி வயநாட்டுக் கல்பெற்றாவில் பேசினார். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை குன்னூர், கோத்தகிரி, ஊட்டி. எங்கள் ஸ்ரீமதுரை நடுவில், இரண்டு பக்கமும் அவர் குரல். தென்னாப்பிரிக்கச் சிறைகளில் கொஞ்சம் தமிழ் படித்திருந்தாலும் பேச வரவில்லை. தமிழ்நாட்டுக் கூட்டங்களில் அவர் சொல்லச் சொல்ல ஒருவர் மொழிபெயர்ப்பார். அதுவும் ஒரு இரவல் குரல்தான். அதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. தீண்டாமையை விடச் சொல்லிக் கேட்டுவிட்டு, நிதிக்கும் கை நீட்டுவார். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய்.

1948 ஜனவரி 20. டில்லி பிர்லா மாளிகை. உண்ணாவிரதம் முடித்து இரண்டே நாள், எழுபத்தெட்டு வயது. சாயங்காலப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக் வேலை செய்யவில்லை. மெல்லிய குரலில் அவர் சொல்லச் சொல்ல, டாக்டர் சுசீலா நய்யார் உரக்கத் திருப்பிச் சொன்னார். நடுவில் கொஞ்ச தூரத்தில் குண்டு வெடித்தது. ஜனங்கள் பதறினார்கள். ஒன்றுமில்லை, உட்காருங்கள், கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.